யார் வீட்டுச் சாம்பல்?

எண்ணூரில் ஒரு தெருமுனைக் கூட்டம். பேச அழைத்திருந்தார்கள், போயிருந்தோம். நாலு பெஞ்சைச் சேர்த்துப் போட்ட மேடை, மேலே கறுப்பு சிவப்புத் தோரணம், இரண்டு குழல்விளக்கு, அடிக்கடி இருமும் ஒலிபெருக்கி - வடசென்னையில் கூட்டம் பேசிப் பழகிய எவருக்கும் புதிதல்லாத ஏற்பாடு. முதலில் இளைஞர் குழுவொன்றின் தெருநாடகம். அதன்பின் நம் சொற்பொழிவு. கூட்டம் சேர்ப்பதற்கு நாடகம், சேர்ந்த கூட்டத்துக்குக் கருத்து - ஏற்பாடு செய்த தோழர்கள் போட்ட கணக்கு இது. நாமும் அதே கணக்கைத்தான் மனத்தில் போட்டிருந்தோம். அந்தக் கணக்கு எப்படித் தப்பாயிற்று என்பதைச் சொல்லத்தான் இன்று எழுதுகிறோம்.

நாடகத்தில் பெரிய கதை ஒன்றுமில்லை. ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போகிறவன் வெறுங்கையோடு திரும்புகிறான். வலையில் மீனுக்குப் பதிலாகச் சாம்பற்சேறு. அவ்வளவே. மீனவனாக நடித்த பையன் குரல்வளம் உள்ளவன். இல்லாத வலையைத் தோளில் போட்டான், இல்லாத ஆற்றில் இறங்கினான், கையை விசிறி வீசினான். முன்னால் குந்தியிருந்த பெரியவர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை.

"டேய், நிறுத்து நிறுத்து! வலைய அப்டியாடா வீசுவாங்க? இன்னாடா அது, துணி காயப்போடுறியா?"

தெரு முழுதும் சிரித்தது. பையன் முகம் சுருங்கும், நாடகம் கெட்டது என்று நினைத்தோம். அவனோ சிரித்துக்கொண்டே, "நீயே வந்து காட்டு தாத்தா" என்று ஒதுங்கி நின்றான். பெரியவர் எழுந்து வந்தார். கயிற்றை இடது மணிக்கட்டில் சுற்றினார். ஒரு மடிப்பைத் தோளில் தொங்கவிட்டார். இடுப்பைத் திருப்பி ஒரு வீச்சு! வலை இல்லை, ஆறு இல்லை. ஆனால் அங்கிருந்த அத்தனை பேர் கண்ணும் அந்த வலை விரிந்து விழுந்த இடத்துக்குப் போயிற்று. இழுத்தார். இழுத்தவர் பாதியில் நின்றுவிட்டார். குனிந்து தம் காலைப் பார்த்தார்.

"காலு பொதையுதுப்பா. மின்ன அங்க மணலு இருந்திச்சி. இப்ப முட்டி வரிக்கும் பொதையுது. மொதல்ல அத்த சொல்லு."

அந்த நொடியோடு நாடகம் அந்தக் குழுவின் கையைவிட்டுப் போயிற்று. "இறாலக் கையால தடவிப் புடிப்போமே, அத்த ஏன் காட்டல?" என்றார் ஒரு பெண். காட்டினார்கள். "யேவாரி வெல சொல்றத காட்டு" என்றார் இன்னொருவர். அதையும் காட்டினார்கள். பத்து நிமிட நாடகம் முக்கால் மணி நேரம் நடந்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை.

பிறகு ஒலிபெருக்கி நம் கைக்கு வந்தது. தில்லியைச் சாடினோம். முதலாளித்துவத்தின் கோரைப்பல்லைக் காட்டினோம். ஆறு அழுகிறது என்றோம், அலை அழுகிறது என்றோம், அன்னையர் அழுகின்றனர் என்றோம். கையொலி எழவேண்டிய இடத்தில் நிறுத்தியும் பார்த்தோம். எழுந்தது - மேடைக்குப் பின்னாலிருந்து, நம் தோழர்களிடமிருந்து! தெருவோ தேநீர்க் கடைப் பக்கம் கரைந்துகொண்டிருந்தது. போகாமல் இருந்தவர்களில் ஒரு மூதாட்டி, மீன்கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தவர், இருந்த இடத்திலிருந்தே கேட்டார்:

"நல்லா பேசுற நைனா. உங்க ஆளுங்களும் ஆண்டாங்க, அவுங்க ஆளுங்களும் ஆண்டாங்க. அந்தச் சாம்பலு யாரு வூட்டுச் சாம்பலு? அத்தையும் சொல்லேன்."

என்ன பதில் சொன்னோம்? "நல்ல கேள்வி கேட்டீர்கள் அம்மா" என்றோம். நல்ல கேள்வி என்று சொல்லுகிற பேச்சாளனிடம் பதில் இல்லை என்பது அந்தத் தாய்க்குத் தெரியாதா? கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

வெளியூர்த் தோழர்களுக்காக விவரத்தைச் சொல்லிவிடுவோம். எண்ணூரில் நிலக்கரி எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். எரித்த கரியின் சாம்பலை நீரோடு குழைத்துக் குழாய் வழியே சாம்பற்குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் வழியில் ஒழுகும், உடையும். சாம்பல் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் இறங்கும். ஆண்டுக்கணக்கில் இறங்கி ஆற்றின் அடிமணலை மூடிற்று. அந்தக் குழாய் டாட்டாவுடையதன்று, பிர்லாவுடையதன்று, தில்லியுடையதும் அன்று. தமிழ்நாட்டு மின்வாரியத்துடையது! 2017-ல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய 1970-ல் ஆட்சியில் இருந்தவர்கள் நாம். வடசென்னை அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய 1994-ல் ஆட்சியில் இருந்தவர்கள் அவர்கள். அந்த ஒளியில்தான் நாம் படித்தோம், ஆலைகள் ஓடின, நாடு வளர்ந்தது, மறுக்கவில்லை. ஆனால் சாம்பலில் கொடியின் நிறம் இல்லை. மூதாட்டி கேட்டது அதைத்தான்.

எண்ணூரிலிருந்து திருவொற்றியூர் வழியே இராயபுரத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் ஒரே நினைவு. வலை வீசத் தெரியாத ஒரு பையனுக்குக் கட்டுப்பட்டு நின்ற தெரு, பதினைந்து ஆண்டு மேடை கண்ட நமக்கு ஏன் கட்டுப்படவில்லை?

இராயபுரத்தில் இறங்கியதும் கண்ணில் பட்டது அண்ணா பூங்கா. அன்று அதன் பெயர் ராபின்சன் பூங்கா. 1949 செப்டம்பரில் கழகத்தின் முதல் பொதுக்கூட்டம் நடந்த இடம். கொட்டும் மழை! கலையாத கூட்டம்! நாம் பிறப்பதற்கு எத்தனையோ ஆண்டு முன்பு நடந்தது. ஆனால் கேட்டுக் கேட்டு, நாமே அந்த மழையில் நனைந்ததுபோல் ஒவ்வொரு மேடையிலும் சொல்லிக்கொண்டு வருகிறோம். அன்று மழைக்குக் கலையவில்லை. இன்று மழை இல்லாமலே கலைகிறது. காரணம் என்ன?

அண்ணாவை அந்த மக்கள் பேச்சாளராக மட்டுமா அறிந்திருந்தார்கள்? வேடம் கட்டி ஆடியவராகவும் அறிந்திருந்தார்கள். 'சந்திரோதயம்' எழுதினார், தாமே நடித்தார். 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' எழுதினார், காகபட்டராக நின்றார்; அதில் சிவாஜியாக நடித்த வி.சி. கணேசனுக்குத்தான் பெரியார் 'சிவாஜி' என்று பெயர் சூட்டினார். நாடகத்தில் நடிப்பவனுக்கு ஒரு கட்டாயம் உண்டு. எதிரே இருப்பவன் முகத்தைப் பார்த்துத்தான் அடுத்த வரியைச் சொல்ல முடியும். கொட்டாவி விடுகிறானா, குனிந்து பீடி பற்ற வைக்கிறானா, 'சர்தான்' என்று தலையாட்டுகிறானா - பார்த்துக்கொண்டே ஆட வேண்டும். அந்தப் பயிற்சியோடு வந்தவர்கள் பேசினார்கள். மழை என்ன செய்யும்?

பேச்சு மேடையில் மட்டும் நிகழவில்லை. படிப்பகத்திலும், தேநீர்க் கடையிலும், முடிதிருத்தகத்திலும் ஒருவர் நாளிதழை உரக்கப் படிப்பார், பத்துப்பேர் கேட்பார்கள். கேட்டவன் சும்மா கேட்கமாட்டான். "இது நடக்கிற காரியமா?" என்பான். படித்தவன் பதில் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் அடுத்த கூட்டத்தில் பேச்சாளரைக் கேட்பான். துறைமுகத்து மூட்டை தூக்கியும் ஆலைத் தொழிலாளியும் அரசியல் கற்ற பள்ளி அது. ஆசிரியர் யார், மாணவர் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாத பள்ளி.

இந்த வித்தையின் உச்சியைத் தொட்டவர் எம்.ஆர். ராதா. சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்தவர். காலையில் நாளிதழில் வந்த சேதி இரவு அவர் வசனத்தில் வரும். எழுதிய வசனம் ஒன்று, ஆடும் வசனம் வேறு. திருவாரூர் தங்கராசு எழுதிய 'இரத்தக் கண்ணீர்' நாடகத்தைப் பலமுறை பார்த்தவர்கள் உண்டு. ஏனென்றால் நேற்றைய இரத்தக் கண்ணீர் இன்றில்லை! 1954-ல் அது படமாக வந்தது. இன்றும் பார்க்கிறோம், இன்றும் சிரிக்கிறோம். ஆனால் திரைப்படத்து ராதா எத்தனை முறை பார்த்தாலும் அதே வரியைத்தான் சொல்வார். கொட்டகை ராதாவிடம் பின்வரிசையிலிருந்து ஒருவன் குரல் கொடுத்தால் அந்தக் குரலுக்குப் பதில் உண்டு. சில இரவுகளில் குரலுக்குப் பதிலாகக் கல் வரும். கல்லுக்கும் பதில் உண்டு.

வால்டாக்ஸ் சாலையில் ஒற்றைவாடைக் கொட்டகை என்று ஒன்று இருந்தது. வடசென்னையின் வாசற்படியில் நின்ற நாடகக் கொட்டகை. பெரிய பெரிய குழுக்கள் ஆடிய இடம். மூத்தவர்கள் அந்த நாளைப் பற்றிப் பேசும்போது நடிகர்களைப் பற்றி எவ்வளவு சொல்கிறார்களோ அவ்வளவு தரை டிக்கெட்காரர்களைப் பற்றியும் சொல்கிறார்கள். யார் எந்த வரிக்கு என்ன கத்தினார்கள் என்பதுவரை நினைவு வைத்திருக்கிறார்கள். நாடகத்தில் தமக்கும் ஒரு வேடம் இருந்ததாகவே அவர்கள் எண்ணம். அதில் பிழையென்ன?

கலைஞர் எழுதிய 'தூக்கு மேடை'யை ஆடியவர் ராதா. 'கலைஞர்' என்ற பட்டத்தைக் கொடுத்தவரும் அவர்தான். ஐந்து முறை முதலமைச்சராக இருந்த ஒருவரை நாடு கடைசிவரை அழைத்த பெயர் ஒரு நாடக நடிகன் கொடுத்த பெயர்! இந்தப் பெருமையைச் சொல்லும்போது நம் நெஞ்சு நிமிர்கிறது. நிமிர்ந்த நெஞ்சைச் சற்றுக் குனியவைக்கும் சேதி ஒன்றும் உண்டு. அதையும் சொல்ல வேண்டும்.

வெள்ளைக்காரன் 1876-ல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்று போட்டான். மேடையில் ஏறுவது எது, ஏறக்கூடாதது எது என்று ஆட்சி முடிவு செய்யும் சட்டம். விடுதலைக்குப் பின் 1954-ல் சென்னை மாகாணம் தனக்கென்று ஒரு நாடகச் சட்டத்தைச் செய்தது. ராதாவைக் கட்டிப்போடத்தான் இந்தச் சட்டம் என்பது அன்று ஊரறிந்த பேச்சு. இராமாயண நாடகம் ஆடியதற்காக அவர் பட்ட பாடு கொஞ்சமா? நாடகத்துக்குத் தடை என்றால் பெயரை மாற்றி ஆடினார். மனம் புண்படுகிறவர்கள் தயவுசெய்து வரவேண்டாம் என்று விளம்பரத்திலேயே போட்டார் என்பர். நம் இயக்க ஏடுகள் அந்தச் சட்டத்தைச் சாடின. ஆளவந்தார் நெறித்தது ராதாவின் குரல்வளையை மட்டுமா, நம் குரல்வளையையும் அல்லவா என்று கேட்டோம்.

சரி, 1967 வந்தது. அண்ணா அரியணை ஏறினார். அந்தச் சட்டம் என்ன ஆயிற்று?

இருந்தது. 1967-க்குப் பின்னும் இருந்தது, 1977-க்குப் பின்னும் இருந்தது, 1996-க்குப் பின்னும் இருந்தது. நாடகத்தால் வளர்ந்த இயக்கம் ஆண்ட நாட்டில், நாடகப் பிரதியைக் காவல்துறையிடம் நீட்டி அனுமதி கேட்கும் சட்டம் அப்படியே இருந்தது! யாரும் அதைப் பெரிதாகப் பயன்படுத்தவில்லையே என்று நம்மவர் சொல்லக்கூடும். பயன்படுத்தாத கத்தியை ஏன் இடுப்பில் வைத்திருந்தோம்? அதை நீதிமன்றத்துக்கு இழுத்தவர் 'பரீக்ஷா' நாடகக் குழுவை நடத்திய பத்திரிகையாளர் ஞாநி. நம் தலைவரைக் கடுமையாக எழுதியவர். பதிலுக்கு நாமும் அவரைச் சும்மா விடவில்லை. அந்த ஞாநி தொடுத்த வழக்கில்தான் 2013-ல் சென்னை உயர்நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லா என்று தீர்ப்பளித்தது. 46 ஆண்டுகள் நம்மாலும், நம்மிடமிருந்து பிரிந்தவர்களாலும் செய்யப்படாத வேலை. 2018 சனவரியில் ஞாநி மறைந்தபோது நம் மேடைகளில் யாராவது இதைச் சொல்லி நன்றி கூறினோமா? எமக்கு நினைவில்லை.

எண்ணூர் மூதாட்டிக்குப் பதில் சொல்லத் தெரியாமல் நின்றது அன்று ஒரு நாள் நேர்ந்த தடுமாற்றம் அன்று; அது நெடுநாள் பழக்கம் என்பதற்காக இதைச் சொல்கிறோம். எதிரே இருப்பவனைக் கேட்டுக்கொண்டே பேசிய காலம் போய், கேட்கவேண்டியவன் அவன் ஒருவனே என்று நினைக்கத் தொடங்கினோம். மேடை உயர்ந்தது. அலங்கார வளைவு வந்தது. முகம் தெரியாத தூரத்துக்குக் கூட்டம் போயிற்று.

ஆனால் வடசென்னை ஊமையாகிவிட்டதா? கேட்டவனையும் பாட்டில் சேர்த்துக்கொள்ளும் அந்தப் பழைய வித்தை செத்துவிட்டதா? இல்லை. அது சாவு வீட்டில் உயிரோடு இருக்கிறது!

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. காசிமேட்டில் ஒரு துக்க வீடு. இறந்தவர் துறைமுகத்தில் சுமை இறக்கியவர். இரவு பதினோரு மணிக்குக் கானாப் பாடகர் வந்தார். வந்தவுடன் பாடிவிடவில்லை. பெயர் என்ன, என்ன வேலை, எத்தனை பிள்ளை, யாரோடு சண்டை, யாருக்கு உதவி - எல்லாம் மெல்ல விசாரித்தார். பிறகு டோலக்கும் சட்டியும் முழங்க எடுத்தார் பாட்டை. மூன்று பெண்களை விட்டுப் போனாயே என்று அடி வந்தது. பிணத்தருகே இருந்து ஒரு குரல்: "நாலு!" பாடகர் நிறுத்தவில்லை, தாளம் தப்பவில்லை, அடுத்த அடியில் நாலாவது பெண் வந்துவிட்டாள். வீட்டைவிட்டுப் போய் மணம் செய்துகொண்டவளாம், வாசலில் தயங்கி நின்றிருந்தாளாம். தன் பெயர் பாட்டில் வரக் கேட்டதும் உள்ளே ஓடி வந்து விழுந்தாள். பத்துப் பஞ்சாயத்து கூட்டிச் செய்யமுடியாத காரியத்தைப் பாட்டின் ஓர் அடி செய்தது. திருத்தியவள் யார்? இறந்தவரின் மனைவி. திருத்தத்தை ஏற்றவர் யார்? பாடகர். அந்த இரண்டு பேருக்கு நடுவில் நடந்ததுதான் கலை.

கானாவை அரைநூற்றாண்டு ரவுடிப் பாட்டு என்றார்கள். சபாக்களுக்கு ஆகாது, வானொலிக்கு ஆகாது. திரைப்படம் வந்து எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டு நையாண்டிக்கும் குடிக்கும் பயன்படுத்தியது. பிறகு இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து கானாப் பாடகர்களைத் திரட்டி, 2018 சனவரியில் கீழ்ப்பாக்கத்தில் மேடையேற்றினார்கள். குழுவின் பெயர் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. பெயர் ஆங்கிலமாயினும் வேர் அயோத்திதாசப் பண்டிதருடையது. சாதிபேதமற்ற தமிழர் என்று அவர் சொன்னதிலிருந்து எடுத்தது. இடஒதுக்கீட்டைப் பாடினார்கள், மாட்டுக்கறியைப் பாடினார்கள். நாம் மேடையில் ஒரு மணி நேரம் புள்ளிவிவரத்தோடு பேசுவதை மூன்று நிமிடத்தில், கேட்டவன் வாயிலேயே திரும்பப் பாடவைத்தார்கள். அதில் பாடிய இசைவாணி நம் இராயபுரத்துப் பெண். ஆண்களே பாடிவந்த கானாவில் ஒரு பெண் குரல், 2020-ல் பி.பி.சி. உலகின் நூறு பெண்கள் பட்டியலில் அவரைச் சேர்த்தது.

அதே இசைவாணி, பெண்ணுக்கும் கோயில் நுழையும் உரிமை கேட்டு முன்பு பாடிய ஒரு பாட்டுக்காக, 2024 நவம்பரில் வசைக்கும் மிரட்டலுக்கும் ஆளானார். ராதாவை நோக்கி வந்த அதே கல்! எறியும் கை புதிது, கல் பழையது. ராதாவின் கொட்டகையில் கல் விழுந்தபோது நம் தோழர்கள் வாசலில் காவல் நின்றார்கள் என்று பெருமை பேசுகிறோமே, இராயபுரத்துப் பெண்ணுக்காக இராயபுரத்தில் எத்தனை கூட்டம் போட்டோம்? கணக்கை வாசகரே போட்டுக்கொள்ளட்டும்.

இனி எண்ணூர்ப் பாட்டுக்கு வருவோம். 2017 பொங்கலை ஒட்டி வெளிவந்தது 'சென்னைப் புறம்போக்குப் பாடல்'. எழுதியவர் கபேர் வாசுகி, படமாக்கியவர் ரதீந்திரன் பிரசாத், பாடியவர் டி.எம். கிருஷ்ணா. எண்ணூர்க் கழிமுகத்தில், சாம்பல் படிந்த இடத்திலேயே நின்று பாடியது. புறம்போக்கு என்றால் என்ன? ஏரி, குளம், ஆற்றங்கரை, மேய்ச்சல் நிலம் - எவர் ஒருவருக்கும் பட்டா இல்லாத, எல்லாருக்கும் உரிய நிலம். அந்தச் சொல்லை வசவாக்கினோம். ஒருவனைப் புறம்போக்கு என்று திட்டுகிறவன் ஊர்ப்பொதுவைத் திட்டுகிறான் என்பதை அந்தப் பாட்டு எடுத்துக் காட்டிற்று. அதுவும் எந்த மொழியில்? மேடைத் தமிழில் அன்று, சென்னைத் தமிழில். ஆனால் இராகம் ஆனந்தபைரவி, பேகடா!

கர்நாடக இசைக்கும் எண்ணூருக்கும் என்ன உறவு என்று மூக்கில் விரல் வைத்தார்கள் சிலர். உறவு உண்டு ஐயா! பக்கத்திலிருக்கும் மணலியில்தான் முத்துசாமி தீட்சிதர் இளமையில் வளர்ந்தார். மணலி முத்துகிருஷ்ண முதலியார் அந்தக் குடும்பத்தை ஆதரித்தார். கோட்டையில் வெள்ளைக்காரன் பாண்டு வாசித்ததைக் கேட்டுத்தான் தீட்சிதருக்கு 'நோட்டுசுவரம்' பிறந்தது. திருவொற்றியூருக்குத் தியாகராயர் வந்து பாடியிருக்கிறார். வீணை குப்பையர் அழைத்து வந்தார். இன்று மணலி என்றால் எண்ணெய் ஆலை, எண்ணூர் என்றால் சாம்பல். பாட்டு தெற்கே மயிலாப்பூருக்குக் குடிபெயர்ந்தது. புகை வடக்கே தங்கிற்று. நகரத்தை அப்படித்தான் பங்கு போட்டிருக்கிறோம். கிருஷ்ணா புதிதாக ஒன்றும் வடக்கே கொண்டுவரவில்லை. போனதில் கொஞ்சம் திரும்பி வந்தது, அவ்வளவுதான்.

2024-ல் அவருக்குச் சங்கீத கலாநிதி அறிவித்தபோது, பெரியாரைப் போற்றியவருக்கா என்று ஒரு கூட்டம் குதித்தது. நாம் அவர் பக்கம் நின்றோம், உரக்க நின்றோம். சரியே. ஆனால் பெரியாரைப் பாடிய கிருஷ்ணாவுக்குக் கைதட்டியவர்கள், சாம்பலைப் பாடிய கிருஷ்ணாவுக்கும் அவ்வளவு ஓங்கித் தட்டினோமா? பெரியாரைப் பாடினால் பாட்டு எதிரியைக் குத்துகிறது. சாம்பலைப் பாடினால் நம்மையும் சேர்த்துக் குத்துகிறது.

அந்தப் பாட்டின்மேல் நமக்கு ஒரு குறையும் உண்டு. அடையாறிலும் அண்ணாநகரிலும், கடல்கடந்தும் அதைக் கேட்டார்கள். எண்ணூரை அறியாதவர் அறிந்தனர். நல்லது. ஆனால் குப்பத்துக்காரனைப் பற்றிய பாட்டாக இருந்த அளவுக்கு அது குப்பத்துக்காரன் குறுக்கிட்ட பாட்டாக இல்லை. படம்பிடித்த பாட்டில் "நாலு!" என்று திருத்த வழியில்லை. அழகான கடிதம் அது. எண்ணூரிலிருந்து மற்றவர்க்குப் போன கடிதம். எண்ணூர் தனக்குத்தானே பேசிக்கொள்ள வேறு ஏதோ வேண்டும். கிருஷ்ணாவின் குற்றமென்று இதைச் சொல்லவில்லை. அவர் செய்தது அவரால் ஆனது. செய்யாதது நம்மால் ஆகவேண்டியது.

அந்த வேறு ஏதோவைத் தேடி உலகில் பலர் அலைந்திருக்கிறார்கள். பிரேசில் நாட்டு அகஸ்டோ போவால் நாடகத்தை நடுவில் நிறுத்தினார். ஒடுக்கப்பட்டவன் தோற்கும் இடத்தில் நிறுத்தி, நீ இவனாக இருந்தால் என்ன செய்வாய், வா, செய்து காட்டு என்று பார்வையாளனை உள்ளே அழைத்தார். வங்காளத்துச் சிற்றூர்களில் 'ஜன சன்ஸ்கிருதி' என்ற குழு 1985 முதல் அந்த வழியில் ஆடிவருகிறது. தில்லியில் சப்தர் ஹாஷ்மி. 'ஜன நாட்டிய மஞ்ச்' குழுவினர். 1978-ல் அவர்கள் ஆடிய முதல் தெருநாடகம் 'மெஷின்', கால்மணி நேரம்கூட ஓடாது. கதை? ஒரு தொழிற்சாலையில் தொழிலாளிகள் சைக்கிள் நிறுத்த ஓர் இடமும் தேநீர் குடிக்க ஒரு கடையும் கேட்டார்கள்; துப்பாக்கி பதில் சொன்னது. நடந்த கதை. சைக்கிளும் தேநீரும்! புரட்சி என்ற சொல்லை ஆயிரம் முறை சொல்லியும் அசையாத தொழிலாளி, தன் சைக்கிளை மேடையில் கண்டதும் அசைந்தான். 1989 சனவரி 1 அன்று சாகிபாபாத்தில் தொழிலாளர் குடியிருப்பில் ஆடிக்கொண்டிருந்தபோது ஹாஷ்மியைத் தாக்கினார்கள், மறுநாள் இறந்தார். அதற்கு இரண்டு நாள் கழித்து, அதே இடத்தில், அவர் மனைவி மொலயஸ்ரீ தலைமையில் குழு அந்த நாடகத்தை ஆடி முடித்தது.

நம் சென்னையில் 1984-ல் பிரளயன் தொடங்கிய 'சென்னைக் கலைக்குழு' இந்த வழியில் வந்தது. பொதுவுடைமைத் தோழர்கள் பக்கத்துக் குழு. நமக்கும் அவர்களுக்கும் பல வழக்கு உண்டு. ஆனால் ஆலை வாசலில் வேலைமுடிந்து வெளியே வருபவனை நிறுத்தும் வித்தை எது என்று அவர்களிடம் கேட்டுக்கொள்வதில் மானக்கேடு ஒன்றுமில்லை. இங்கோ திருவொற்றியூரிலிருந்து எண்ணூர்வரை ஆலை வாசல்களுக்கா பஞ்சம்? ஆறு மணிக்குச் சங்கு ஊதினால் வெளியே வருகிறவனுக்குப் பேருந்து பிடிக்கும் அவசரம், வீட்டில் தண்ணீர் வரும் நேரம். அவனை ஐந்து நிமிடம் நிறுத்தவேண்டுமானால், அவன் சட்டைப்பையில் இருப்பது என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். இன்று அந்தச் சட்டைப்பையில் ஒப்பந்தக்காரர் தந்த அடையாள அட்டை. நாம் இன்னும் நிரந்தரத் தொழிலாளியை நோக்கியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

பத்து நாள் கழித்து மறுபடி எண்ணூருக்குப் போனோம். பேச அன்று, யாரும் அழைக்கவில்லை. அந்தப் பையன்கள் மீண்டும் ஆடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். மேடை இல்லை, தோரணம் இல்லை. மணலில் வட்டம். நாமும் உட்கார்ந்தோம். வலை வீசும் காட்சி வந்தது. பையன் மணிக்கட்டில் கயிறு சுற்றினான், இடுப்பைத் திருப்பினான். பெரியவர் முன்வரிசையில் தலையாட்டினார். கால் புதைந்தது. பிறகு புதிதாக ஒரு காட்சி. கூடையைக் கவிழ்த்துப்போட்டு ஒரு பெண் உட்காருகிறாள். யார் வீட்டுச் சாம்பல் என்று கேட்கிறாள். நம் மூதாட்டியின் வரி, அதே குரல் ஏற்ற இறக்கம். கேட்டுக்கொண்டிருந்த மூதாட்டி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு சிரித்தார்.

கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு தலைவர் வேடம் வேண்டும். குழுவில் ஆள் போதவில்லை. "யாராச்சும் வாங்க" என்றான் பையன். ஒருவரும் எழவில்லை. மூதாட்டி கையை நீட்டி நம்மைக் காட்டினார்.

"அதோ ஒக்காந்துகினு கீறாரே, அவர இட்டா. வேசம் கூட வேணாம்."

துண்டை மடித்து மணலில் வைத்துவிட்டு எழுந்து போனோம். அவள் மறுபடி கேட்டாள்.

"எங்கள் வீட்டுச் சாம்பல்தான் அம்மா" என்றோம்.

பின்னாலிருந்து ஒரு குரல்: "கேக்கல! சத்தமா சொல்லு!"